கும்ப யுகம் வந்துவிட்டதா? கேட்டவர்களுக்குப் பதில்

கும்ப யுகம் பற்றி சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். நான் பஞ்சாங்கக் கணிதத்தில் ஆர்வம் உள்ளவன், பலன் சொல்பவன் அல்ல. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: அண்ணே, கும்ப யுகம்னா என்ன? சும்மா கட்டிவிட்டதா?

கணக்கு நிஜம். பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவதுபோல மெதுவாக ஆடுகிறது, ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 25,770 ஆண்டு. அதனால் மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடம் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை என்று ராசிகளில் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. 12-ஆல் வகுத்தால் ராசிக்குச் சுமார் 2,150 ஆண்டு, அதைத்தான் யுகம் என்கிறார்கள். அந்த இடம் மீனத்தைத் தாண்டிக் கும்பத்துக்குள் போவதுதான் கும்ப யுகம். கிரேக்கத்தில் ஹிப்பார்க்கஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே இந்த நகர்வைக் கண்டுபிடித்துவிட்டார். நம் பஞ்சாங்கத்தில் அதன் அளவுதான் அயனாம்சம். தை முதல் நாள் உத்தராயணம் என்று பொங்கல் வைக்கிறோம், ஆனால் சூரியன் டிசம்பர் 21, 22-லேயே வடக்கே திரும்பிவிடுகிறது, இந்த மூன்று வார இடைவெளி எல்லாம் அந்த ஆட்டத்தால் வந்தது.

செங்காங்கிலிருந்து: எப்போது தொடங்குகிறது? ஒருவர் 1962 என்கிறார், இன்னொருவர் 2020 என்கிறார்.

1962 கதை சுவையானது. அந்தப் பிப்ரவரியில் சூரியன், சந்திரனோடு கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிரகங்களும் கேதுவும் மகரத்தில் சேர்ந்தன. அஷ்டகிரக சேர்க்கை, உலகம் அழியப்போகிறது என்று இந்தியாவில் யாகம் யாகமாக நடந்தது. அதே வானத்தைப் பார்த்த மேற்கத்திய ஜோதிடர்கள் சிலர் எல்லாம் கும்பத்தில் சேர்ந்திருக்கின்றன, புது யுகம் பிறந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். அவர்கள் அயனாம்சத்தைக் கழிப்பதில்லை, நாம் கழிக்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் லாகிரி கணக்கில் இப்போது அயனாம்சம் 24 பாகை சொச்சம். ஒரு ராசி 30 பாகை, அதனால் அயனாம்சம் 30 ஆனால்தான் கும்பம் தொடங்கும், அதற்கு இன்னும் 400 ஆண்டுக்கு மேல் இருக்கிறது. வானியலாளர்கள் 1930-ல் வகுத்த விண்மீன் கூட்ட எல்லையை வைத்தால் 2600 வாக்கில். ஆக, எந்தக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

உட்லண்ட்ஸிலிருந்து: ஐயா, ரிஷப யுகத்தில் காளை வழிபாடு, மேஷத்தில் ஆட்டுக்கடா, மீனத்தில் கிறிஸ்தவர்களின் மீன் சின்னம். மனித உணர்வு யுகத்துக்கு ஏற்றபடி வளர்கிறது என்பதற்கு இது போதாதா?

உளவியலாளர் கார்ல் யுங் கூட 1951-ல் மீன் சின்னத்தை வைத்து ஒரு புத்தகம் எழுதினார், அதனால் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆனால் இது பிறகு உட்கார்ந்து பொறுக்கிச் சேர்த்த பட்டியல். சிந்துவெளி முத்திரைகளில் காளை உண்டு, சரி, ஆனால் அதிகம் இருப்பது ஒற்றைக்கொம்பு விலங்கு, யானையும் காண்டாமிருகமும் கூட உண்டு. அதற்கு எந்த ராசி? ரிஷப யுகம் முடிந்து நாலாயிரம் ஆண்டு ஆகப்போகிறது என்கிறார்கள், நாம் இன்னும் நந்தி காதில்தானே வேண்டுதலைச் சொல்கிறோம், மாட்டுப் பொங்கலும் கொண்டாடுகிறோம். உணர்வு வளரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார், அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் அதற்குக் கும்பம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

அங் மோ கியோவிலிருந்து: அப்போ கலியுகம்? அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. புராணக் கணக்கில் கலி கி.மு. 3102-ல் தொடங்கி 4,32,000 ஆண்டு ஓடும். பரமஹம்ச யோகானந்தரின் குரு ஸ்ரீ யுக்தேஸ்வர் 1894-ல் அதைச் சுருக்கி 24,000 ஆண்டுச் சுழற்சியாக்கி, கலி முடிந்து துவாபரம் நடக்கிறது என்றார். அச்சு ஆட்டத்துக்கு ஆண்டுக்கு 54 விகலை (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்குதான் விகலை) என்ற பழைய வேகத்துக்கு அந்த எண் பொருந்தும், இன்று அளந்திருப்பது 50 சொச்சம். கலியையும் கும்பத்தையும் ஒரே அட்டவணையில் போட்டு வரும் படங்களை நம்பாதீர்கள்.

பொங்கோலிலிருந்து: யுக மாற்ற தோஷம், பரிகாரத்துக்கு 388 வெள்ளி என்று ஒருவர் கேட்கிறார். கட்டலாமா?

வேண்டாம் அக்கா. 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்வது உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி தோஷமாகும்?

ஈசூனிலிருந்து: நான் 1979-ல் இங்கே பிறந்தவன். இரண்டு செயலியில் ஜாதகம் போட்டால் லக்னம் வேறு வேறாக வருகிறது. இதுவும் அயனாம்சமா?

அதுவும் இருக்கலாம், ஆனால் முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1-ல்தான் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால் போனது, அதற்கு முன் ஏழரை. சில செயலிகள் எல்லா ஆண்டுக்கும் 8 என்றே போட்டுவிடுகின்றன. அரை மணியில் லக்னம் சுமார் ஏழு பாகை தள்ளும், இரண்டு ராசி சேரும் சந்தியில் இருந்தால் லக்னமே மாறும். 7.30 என்று கையால் போட்டு மறுபடி எடுங்கள். பிறப்புச் சான்றிதழில் இருப்பது அன்றைய கடிகார நேரம், அதில் கை வைக்காதீர்கள்.