சம்பளத்தில் பிடிக்கும் 1 சதவீதம் போனால் விற்பனை வரி ஏறுமா?

கேள்வி: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குள் வாடகைக்கு இருக்கிறோம். சம்பளத்தில் 1 சதவீதம் நகர வரியாகப் பிடிக்கிறார்கள். ஓட்டெடுப்பு வைத்து இதை எடுத்துவிட்டு விற்பனை வரியை ஏற்றப்போகிறார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு. எங்களுக்கு லாபமா?

பதில்: அந்த ஓட்டுச்சீட்டில் விற்பனை வரி என்ற வார்த்தையே வராது. 2010-இல் மிசௌரி மாநிலம் முழுக்க நடந்த ஓட்டெடுப்பில் ப்ரொபொசிஷன் ஏ என்ற சட்ட முன்மொழிவு நிறைவேறியது, அதிலிருந்து செயின்ட் லூயிஸும் கேன்சஸ் சிட்டியும் இந்த வரியைத் தொடரலாமா என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்களைக் கேட்டாக வேண்டும். கேள்வி அவ்வளவுதான். 2011, 2016, 2021 மூன்று முறையும் இரண்டு ஊரிலும் பெரும்பான்மை 'தொடரட்டும்' என்றது. 'வேண்டாம்' ஜெயித்தாலும் மறுமாதமே சம்பளம் கூடிவிடாது, பத்து வருடத்தில் படிப்படியாகத்தான் வரி இறங்கும். அந்த இழப்பை ஈடுகட்ட விற்பனை வரியை ஏற்றுவதென்றால் அது தனி ஓட்டு.

சரி, அதுவும் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டு வருமானம் 60,000 டாலர் என்றால் இப்போது 600 டாலர் போகிறது. வாடகைக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் விற்பனை வரி கிடையாது, அதனால் வரி விழும் செலவு வருடத்துக்கு 20,000 டாலர்தான் என்றால், விற்பனை வரி விகிதம் 3 சதவீதப் புள்ளி ஏறும்போது அதே 600 வந்துவிடும். அதற்குக் கீழே ஏறினால் உங்களுக்கு மிச்சம். ஆனால் கார் வாங்கும் வருடம் இந்தக் கணக்கு கவிழும். பக்கத்து ஊரில் வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், காருக்கு நீங்கள் குடியிருக்கும் ஊரின் விகிதம்தான்.

இந்த வரி போனால் விற்பனை வரி ஏறாமல் இருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. நகரத்தின் பொது வருவாயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த 1 சதவீதத்திலிருந்து வருகிறது, அதில் புறநகரில் குடியிருந்துகொண்டு உள்ளே வேலைக்கு வருகிறவர்கள் கட்டுவதும் சேர்த்தி. விற்பனை வரி வந்தால் அவர்களிடம் கிடைப்பது மதியச் சாப்பாட்டுக்கும் காபிக்குமான வரிதான், மீதி உள்ளேயே குடியிருக்கிறவர்கள் தலையில். பென்ஷன்காரர்களுக்கு இன்னும் மோசம். பென்ஷன், வட்டி, டிவிடெண்ட் எதற்கும் இப்போது இந்த வரி இல்லை, நாளைக்கு மளிகைக்குக்கூடக் கூடுதலாகக் கட்டுவார்கள். மளிகைக்கு மாநில விகிதம் 4.225-க்குப் பதில் 1.225 சதவீதம்தான், ஆனால் உள்ளூர் விற்பனை வரிக்கு அந்தச் சலுகை இல்லை. மற்ற பொருள்களுக்கு மொத்த விகிதம் ஏற்கெனவே 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

ஓட்டு குடிமக்களுக்கு மட்டும். விசாவில் இருந்தால் வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது.

அப்புறம், புறநகருக்கு வீடு மாற்றும் யோசனை இருந்தால் ஒன்று கவனியுங்கள். நகரவாசி எங்கே வேலை பார்த்தாலும் இந்த வரி உண்டு, வெளியூர்க்காரருக்கு நகருக்குள் செய்த வேலைக்கு மட்டும்தான். அவர்கள் நகருக்கு வெளியே வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள்களுக்கு வரி கேட்கக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது, ஆகவே மாறிய பிறகு அந்த நாள்களைக் குறித்து வைத்து டபிள்யூ-2 (முதலாளி தரும் வருடாந்திரச் சம்பள விவரப் படிவம்) படிவத்தில் பிடித்த உள்ளூர் வரியைக் காட்டும் 19-ஆம் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதிகமாகப் பிடித்திருந்தால் திரும்பக் கேட்கலாம்.