மது தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு: எதை முதலில் நிறுத்துவது?

கேள்வி: வயது 38. மதுப் பழக்கம் இல்லை. வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்திருக்கிறது. வேலைக்கு நடுவே பிஸ்கட், பாட்டில் ஜூஸ், இரவில் அவசரத்துக்கு இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் என்று ஓடுகிறது. இதுதான் காரணமா? எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தொப்பை, சர்க்கரை நோய், பரம்பரை என்று பலதும் சேர்ந்துதான் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. ஆனால் முதலில் கைவைக்க வேண்டியது அந்த பாட்டில் ஜூஸில்தான்.

குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். சர்க்கரையின் இன்னொரு பாதியான ஃப்ரக்டோஸ், அளவு கூடும்போது பெரும்பாலும் கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. அது மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. 330 மில்லி கோலா ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழத்தைக் கடித்துத் தின்ன நேரமாகும், நார்ச்சத்தும் சேரும். ஜூஸ் இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது.

அடுத்தது பிஸ்கட், நூடுல்ஸ். அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டதும், பதப்படுத்திய உணவில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அதனால் "மனக்கட்டுப்பாடு இல்லையே" என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

பாக்கெட்டில் வருவதெல்லாம் ஆகாது என்பதில்லை. உறையவைத்த பட்டாணி, சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ், பால், தயிர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 80 கிலோ என்றால் 4 கிலோ. கொழுப்பால் கல்லீரலில் வரும் அழற்சி (புண்பட்டு வீங்குவது) ஆறுவதற்கு 7 முதல் 10 சதவீதம் வரை குறைய வேண்டியிருக்கும். பட்டினி மட்டும் வேண்டாம். எடை மளமளவென்று இறங்குவது கல்லீரலுக்கே கெடுதல்.

அப்புறம் ஒன்று. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் நார்மல் என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியவர்களுக்கும் அவை நார்மலாக இருக்கலாம். வயது, இரண்டு என்சைம்கள், தட்டணுக்கள் எண்ணிக்கை இவற்றை வைத்து, தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கப் போடும் 'ஃபிப்-4' கணக்கை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால் பரிசோதனையையும் அதோடு முடித்துவிடுங்கள்.