பரண் மேல் கிடக்கும் ஸ்பீக்கரை என்ன செய்வது?

கேள்வி: 1982-ல் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெரிய ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஜோடி, அப்பா போன பிறகு தோட்டத்துச் சாளையில் துணி போர்த்திக் கிடக்கிறது. போன வாரம் பாட்டுப் போட்டால் ஒரே கரகரப்பு. முன்துணியைக் கழற்றினால் புனல் மாதிரி இருக்கிற காகிதக் கோனைச் சுற்றியிருந்த பஞ்சு தூள் தூளாகக் கொட்டுகிறது. பழைய இரும்புக்காரர் இரண்டுக்கும் சேர்த்து 300 ரூபாய் தருகிறேன் என்கிறார். வைத்திருப்பதில் பிரயோஜனம் உண்டுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரும்புக்காரரை முதலில் அனுப்பிவிடுங்கள். வார் அறுந்துபோனதற்காக நல்ல தோல் செருப்பை யாரும் குப்பையில் போடுவதில்லை, உங்கள் ஸ்பீக்கருக்கு நடந்திருப்பதும் அவ்வளவுதான். ஸ்பீக்கரில் வயசாகிக் கெடுகிற பாகம் ரொம்பக் கொஞ்சம். காந்தம் அப்படியே இருக்கும், காகிதக் கோன் எலி கடிக்காத வரைக்கும் இருக்கும், காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் எரியாத வரைக்கும் இருக்கும். போவது கோனையும் வெளிச்சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிற அந்தப் பஞ்சு வளையம்தான், கடைக்காரர்கள் சரவுண்ட் என்பார்கள். அந்தக் காலத்து ஃபோமைக் காற்றில் இருக்கிற ஈரமே தின்றுவிடும்; பாட்டுப் போட்டாலும் சரி, துணி போர்த்தி வைத்தாலும் சரி, 15, 20 வருசத்தில் விரல் பட்டதும் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் வளையம் இதைவிட அதிக காலம் தாங்கும், மடிப்பு மடிப்பாக இருக்கிற துணி வளையம் அதையும் தாண்டும்.

வளையம் போனதும் கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காயில் காந்தத்தின் இடுக்கில் உரசுகிறது. நீங்கள் கேட்ட கரகரப்பு அதுவாகத்தான் இருக்கும், அதனால் சரிசெய்கிற வரைக்கும் தயவுசெய்து மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். அதற்குள் ஒன்று செய்யலாம். கோனின் நடுவில் இருக்கிற மூடிக்குச் சற்று வெளியே, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, நேராகவும் சமமாகவும் மெல்ல அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்பினால் காயில் நன்றாக இருக்கிறது. மல்டிமீட்டர் கிடைத்தால் ஊஃபரின் (அடிச்சத்தம் தருகிற பெரிய ஸ்பீக்கர்) ஒயரைக் கழற்றிவிட்டு எத்தனை ஓம் மின்தடை என்று வைத்துப் பாருங்கள், 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 காட்டும், அதுதான் சரி. முள் அசையவே இல்லை என்றால்தான் கவலை.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் கட்டுகிறவரிடம் கேளுங்கள், கோன் வேலை பார்க்கிறவரை அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் கொடுக்கும்போது அழுத்திச் சொல்லுங்கள்: வளையம் மட்டும் மாற்றணும், கோனைத் தொடக்கூடாது. என் அப்புச்சி வீட்டு ஸ்பீக்கரை நான் அப்படிச் சொல்லாமல் ஒரு இடத்தில் விட்டுவிட்டு வந்தேன். நல்ல கோனைக் கிழித்தெடுத்துவிட்டு, கையில் இருந்த வேறு கோனை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். சத்தம் வந்தது, அந்தப் பழைய குரல் வரவில்லை. அப்புச்சி ரெண்டு பாட்டுக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனது இன்னும் எனக்கு மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அப்புறம், உள்ளே பெரிய ஸ்பீக்கருக்கும் சின்னதுக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர் பலகையில் இருக்கிற கண்டன்சர்கள் இத்தனை வருசத்தில் காய்ந்திருக்கும், ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கர்) மங்கலாகக் கேட்டால் காரணம் அது. அதே மைக்ரோஃபாரட் அளவில் புதுசு போட்டால் போதும், பெரிய செலவில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தைக் கரையான் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், சாளையில் அதுதான் எனக்குப் பயம்.

கேள்வி: கல்யாணத்துக்கு வந்த மினி ஹைஃபை செட் கெட்டுவிட்டது, ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பின்னால் 3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கிறது. டிவியில் நேராக மாட்டலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: நேராக மாட்ட முடியாதுங்க, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அந்த 3000-த்தை மறந்துவிடுங்கள், விளம்பரத்துக்காகப் போட்ட எண் அது. இந்த மாதிரி ஸ்பீக்கருக்குச் சின்ன ஆம்ப்ளிஃபையரே போதும். லேபிளில் எத்தனை ஓம் என்று மட்டும் பாருங்கள், 6 என்று இருந்தால் 6 ஓம் தாங்குகிற ஆம்ப்ளிஃபையராக வாங்குங்கள். சிவப்பைச் சிவப்பிலும் கருப்பைக் கருப்பிலும் மாட்ட வேண்டும், ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடிச்சத்தமே காணாமல் போய்விடும். என்னிடம் "பேஸ் வரமாட்டேங்குது" என்று கொண்டுவருகிற பல ஜோடிகளுக்கு நான் ஒயரை மாற்றி மாட்டியதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் ஸ்பீக்கர் லேசான பலகைப் பெட்டி, கோபிக்காரருடைய ரகம் அல்ல. வீட்டில் இடமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாட்டுக் கேட்கிற பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஒருவர் "வின்டேஜ்" என்று சொல்லி 12 அங்குல ஸ்பீக்கர் ஜோடிக்கு 25,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பழசு என்பதற்காக மட்டும் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்துப் பெரிய ஸ்பீக்கரில் எனக்குப் பிடித்தது, குறைந்த வாட்ஸிலேயே நன்றாகப் பாடும் என்பதுதான். ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் சத்தம் தருகிற ஸ்பீக்கர் எழுப்புகிற சத்தத்தை 90 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் நாலில் ஒரு பங்கு வாட்ஸில் எழுப்பிவிடும். ஆனால் அந்தக் குணம் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறதா என்பது நேரில் போனால்தான் தெரியும். விரல் முட்டியால் பெட்டியைத் தட்டுங்கள், காலி டின் மாதிரி அதிரக்கூடாது. முன்துணியைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்ற மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு ஊஃபரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, திருகாணியின் தலை தேய்ந்திருக்கிறதா, பெயர்ப்பலகை மட்டும் புதுசாக மின்னுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லி, ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தனித்தனியே, சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபையர் இல்லை என்று சாக்குச் சொன்னால், 1.5 வோல்ட் செல்லில் இரண்டு ஒயரை வைத்து பின்முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள், ஊஃபர் 'தப்' என்று சத்தம் போட்டு அசைய வேண்டும். போகும்போது செல்லும் ஒரு முழம் ஒயரும் பையில் இருக்கட்டும்.