நாட்டியத்துக்குப் பாட வருபவரிடம் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

கேள்வி: பதவர்ணம் (ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும் நீண்ட உருப்படி) ஒன்றுக்கு நடனம் அமைத்திருக்கிறேன். பாடப்போகிறவர் கச்சேரிப் பாடகர், நாட்டியத்துக்குப் பாடிப் பழக்கமில்லை. ஒத்திகையில் முதலில் எதை முடிவு செய்துகொள்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை. அதைப் பல்லவி பாடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வேகத்தில் ஆடும் தாளச்சொல் கோவையான திரிகால ஜதியின் மூன்றாம் காலத்தை முதலில் ஆடுங்கள். அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) சிதையாமல் எந்த வேகம் வரை போக முடிகிறதோ, அதிலிருந்து கணக்கிட்டுப் பல்லவியின் வேகத்தைக் கட்டுங்கள். ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) எத்தனை விநாடி என்று செல்போனில் அளந்து, சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதிய காகிதத்தின் மேல் ஓரத்தில் குறித்துவிடுங்கள். நீண்ட வர்ணத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும். அதை ஜதி சொல்லித் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரின் தாளம்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

அடுத்து எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பல்லவி சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்காமல் தள்ளித் தொடங்கினால், ஒவ்வொரு ஜதியும் சமத்தில் முடிகிறதா, எடுப்பிலேயே முடிகிறதா என்பது பாடகருக்குத் தெரிந்தாக வேண்டும். ஜதி முடிந்த கையோடு வரி வந்தால்தான் அருதி (ஜதிக்குப் பின் பாட்டு வரிக்கு ஆடும் அடவுகள்) ஆட முடியும். சொற்கட்டு (ஜதியின் தாளச் சொற்கள்) காதில் பழகாதவர், கடைசித் தீர்மானத்தின் (ஜதியின் முடிப்பின்) மூன்றாவது ‘ததிங்கிணதொம்’ தொடங்கும்போதே மூச்சை இழுத்துக்கொள்ளட்டும்.

கச்சேரிக்காரர்கள் உண்மையில் தடுமாறுவது, ஒரு வரியின் கருத்தை விரித்து அபிநயிக்கும் சஞ்சாரியில்தான். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது நிரவல் செய்ய (வரியை விதவிதமாக விரித்துப் பாட) கை துறுதுறுக்கும். சங்கதி (மெட்டில் சிறு மாறுதல்) வரட்டும், தப்பில்லை. ஆனால் சொல் தாளத்தில் உட்காரும் இடம் நகரக்கூடாது. ‘வா’ என்ற சொல் மூன்றாம் எண்ணிக்கையில் விழும் என்று நம்பி நீங்கள் கையை நீட்ட, அவர் அதை ஐந்துக்கு இழுத்துவிட்டால் அபிநயம் அந்தரத்தில் தொங்கும். வரிக்கு வரி எழுதிக் கொடுங்கள்: பதார்த்தம் (சொல்லுக்குச் சொல் பொருள் காட்டுவது) 2 முறை, சஞ்சாரி 6 முறை, முடிப்பு 1 முறை என்று. எண்ணிக்கையை மேடையில் கூட்டவோ குறைக்கவோ நினைத்தால், அடுத்த வரிக்குப் போகலாம் என்பதற்கு ஒரு அடையாளம் (இரு கையும் நெஞ்சருகே வருவது போல) பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாடகி வர முடியவில்லை, நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஆண் பாடகரைப் பிடித்திருக்கிறோம். சிக்கல் வருமா? (வாசகர், மதுரை)

பதில்: ஆடுபவருக்கு அவ்வளவாக இல்லை, வாத்தியக்காரர்களுக்கு உண்டு. பாடகியின் சுருதி 5 கட்டை, இவருடையது அதைவிடத் தாழ்ந்த 1 கட்டை என்றால் அதே மிருதங்கத்தைத் தட்டி இறக்க முடியாது. தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் வேறு வேண்டும். புல்லாங்குழலும் வேறு. இன்று இரவே அவர்களுக்குப் போன் போட்டுச் சுருதியைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அரங்கில் கடைசி வரிசைக்கும் பாட்டு நன்றாகக் கேட்கிறது, ஆடும் எனக்குக் கேட்கவில்லை. ஏன்? (வாசகி, திருச்சி)

பதில்: முன் ஒலிபெருக்கிகள் சபையைப் பார்த்து இருக்கின்றன, நீங்கள் அவற்றுக்குப் பின்னால் ஆடுகிறீர்கள். மேடையின் இரு பக்கத் திரை மறைவிலும் உங்களைப் பார்த்தபடி ஒவ்வொரு மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்கான ஒலிபெருக்கி) கேளுங்கள். அதில் பாட்டும் நட்டுவாங்கமும் போதும். எல்லா வாத்தியத்தையும் ஏற்றினால் சாகித்யம் அமுங்கிவிடும். பாடகரின் மைக்குக்கு நேர் எதிரே மானிட்டர் இருந்தால் கூவும், மைக்கின் முதுகுப் பக்கம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். நட்டுவனாரைப் பாடகரிடமிருந்து மூன்றடியாவது தள்ளி உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் தாளத்தின் கணீர் ஒலி பாட்டு மைக்கில் புகுந்துவிடும்.

ஒருகாலத்தில் பக்கவாத்தியக்காரர்கள் ஆடுபவரின் பின்னாலேயே நின்றார்கள், ஆகவே இந்தப் பிரச்சினை இல்லை. அவர்களை மேடையோரம் உட்கார வைத்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி. பார்க்க அழகுதான். ஆனால் ஓரத்திலிருந்து பாடகருக்கு உங்கள் முகமும் கையும் தெரிகிறதா என்று விளக்கைப் போட்டே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒத்திகையில் பதிவு செய்த பாட்டைப் போட்டு வேறு ஊரில் ஆடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: பாடகரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருந்தால் ஆடலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுபவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. எத்தனை நிகழ்ச்சிக்கு, என்ன சன்மானம், யூடியூபில் போடலாமா என்ற மூன்றையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.