பேச்சு வராத குழந்தையின் வயிற்று வலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. சில வாரங்களாக இரவில் விழித்து அழுகிறான், தலையில் அடித்துக்கொள்கிறான். உள்ளாடையில் மலம் கசிகிறது. பேதிக்கு மருந்து கொடுக்கலாமா? அல்லது எல்லாமே ஆட்டிசத்தால்தானா?

பதில்: பேதியை நிறுத்தும் மருந்தை மருத்துவர் பார்க்கும்வரை கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மலச்சிக்கலாக இருக்கலாம் என்றே சந்தேகிக்கிறேன். மலம் பல நாள் தேங்கி இறுகிவிட்டால், மேலே உள்ள இளகிய மலம் அதன் ஓரமாகக் கசியும். பேதி போலத் தெரியும், உண்மையில் அடைப்பு. கசிவது பெரும்பாலும் குழந்தைக்கே தெரியாது. தயவுசெய்து அவனைத் திட்டாதீர்கள்.

'ஆட்டிசம் என்றால் அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் இந்தக் குழந்தைகளுக்கு நடக்கும் பெரிய அநீதி. வலிக்கிறது என்று சொல்ல முடியாதவன் உடம்பால்தான் சொல்வான். மேசை விளிம்பில் வயிற்றை அழுத்துவான், முதுகை வளைப்பான், தன்னையே கடிப்பான். இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் பயிற்சியில் மனம் நிற்காது, சாப்பாடு குறையும், மலச்சிக்கல் இன்னும் கூடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறுகள் மற்றவர்களைவிட அதிகம் என்பதை 2014-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் உறுதிசெய்தது. ஒருசில உணவுகளை மட்டுமே ஏற்பதும், கழிப்பறையின் சத்தத்துக்கும் குளிர்ச்சிக்கும் அஞ்சி மலத்தை அடக்குவதும் முக்கியக் காரணங்கள்.

இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எப்போது மலம் கழித்தான், கெட்டியா இளக்கமா, எப்போது அடித்துக்கொண்டான், எப்போது விழித்தான். மலம் கழித்தபின் அமைதியாகிறான் என்றால் அது வலுவான தடயம். ஆனால் மருத்துவரைப் பார்க்க இந்த இரண்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அடைப்பு உறுதியானால் மருத்துவர் முதலில் குடலைச் சுத்தப்படுத்துவார். பிறகு மலமிளக்கியைப் பெரும்பாலும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். கொஞ்சம் சரியானதும் நீங்களாக நிறுத்திவிட்டால் மீண்டும் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்ததும் குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தில் சில நிமிடங்கள் கழிப்பறையில் உட்காரவையுங்கள். கால் தொங்கினால் முக்க வராது, பாதத்துக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் படங்களாகச் சுவரில் ஒட்டினால் பயம் குறையும்.

கோதுமை, பாலை அடியோடு நிறுத்தும் உணவுமுறை ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் குழந்தைக்கு அதனால் சத்துக் குறைபாடு வரலாம்.

மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, வயிறு உப்பிக் கல் போலாவது, எடை குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.