ஐஸ்லாந்தின் ஏய்துர் குட்யோன்சென்: கேள்வி பதில்

சின்னஞ்சிறு நாட்டிலிருந்து வந்து பல நாட்டு கால்பந்து கிளப்புகளில் ஆடிய முன்கள ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஏய்துர் குட்யோன்செனைப் பற்றி நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அவருடைய ஆட்டத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கவனித்து வந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வர்ணனையாளர்கள் அவரைக் குட்ஜான்சன் என்கிறார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் வேறு விதமாக அழைப்பதாகக் கேள்விப்பட்டேன். எது சரி?

ஊரில் அவர் ஏய்துர் ஸ்மாரி. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. நாம் தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்வதைப் போல, அவர்கள் தந்தை பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். பேசும்போதும் எழுதும்போதும் சொந்தப் பெயரையே சொல்வது அங்கே வழக்கம். குட்யோன்சென் என்பது தலைமுறைகளாகத் தொடரும் குடும்பப்பெயர். அங்கே அப்படிப்பட்ட பெயர்கள் குறைவு.

கேள்வி: தந்தைக்குப் பதிலாக மகன் களமிறங்கிய கதை உண்மையில் நடந்ததா?

நடந்தது. 1996 ஏப்ரல் 24 அன்று தாலின் நகரில் எஸ்டோனியாவுக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், 34 வயது ஆர்னோர் குட்யோன்சென் வெளியே வர, அவருடைய 17 வயது மகன் ஏய்துர் உள்ளே போனார். எல்லைக்கோட்டருகே இருவரும் கட்டி அணைத்துக்கொண்டார்கள். மகன் பிறந்தபோது தந்தைக்கும் வயது 17தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சியின் அருமை புரியும்.

ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கவில்லை. இருவரும் சேர்ந்து ஆடும் காட்சியைத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சொந்த மக்கள் முன்னால் அரங்கேற்ற வேண்டும் என்று கால்பந்துச் சங்கம் விரும்பியதால், அடுத்து வரவிருந்த மாசிடோனியா ஆட்டத்துக்காக அதைத் தள்ளி வைத்தார்கள். அதற்குள் இளையோர் அணிக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில் ஏய்துரின் கணுக்கால் உடைந்தது. அவர் தேறி வருவதற்குள் தந்தையின் சர்வதேச வாழ்க்கை முடிந்துவிட்டது. சில நிமிடங்களாவது அன்று சேர்ந்து ஆட விட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி: அந்தக் காயம் அவ்வளவு மோசமானதா?

ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிடும் என்று அஞ்சும் அளவுக்கு மோசமானது. பதின்ம வயதிலேயே நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவனில் பிரேசிலின் ரொனால்டோவோடு ஒரே அணியில் இருந்தவர், அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை இழந்தார். 1998இல் ஊருக்குத் திரும்பி ரெய்க்யாவிக்கின் கேஆர் அணியில் சிறிது காலம் ஆடினார். உடல் கனத்து, வேகம் குறைந்திருந்த அவரை இங்கிலாந்தின் போல்ட்டன் நம்பி எடுத்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், 2000இல், லண்டனின் செல்சீ கிளப் ஏறத்தாழ 40 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.

கேள்வி: செல்சீயில் ஆறு ஆண்டுகளில் 78 கோல். முன்கள ஆட்டக்காரருக்கு இது குறைவில்லையா?

கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோட்டால் அவரைத் தவறவிட்டுவிடுவோம். 2001–02 பருவத்தில் சக முன்கள ஆட்டக்காரர் ஜிம்மி ஃப்ளாய்ட் ஹாசல்பைங்கும் அவரும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார்கள். அதில் ஏய்துரின் பங்கு 23. ஹாசல்பைங்க் வலையை நோக்கிப் பாய்ந்தால், இவர் நாலடி பின்வாங்கி, எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே நின்று பந்தை வாங்கி, திரும்பாமலே ஒரே தொடுதலில் அடுத்தவருக்கு வழி திறந்துவிடுவார். தடுப்பாளர் இவரைத் தொடர்ந்து போனால் தடுப்பு வரிசையில் இடம் காலியாகும். போகாவிட்டால் இவர் தாராளமாகத் திரும்பிவிடுவார். பந்து காலில் ஒட்டிக்கொண்டதைப் போல நிற்கும். 2003 ஜனவரியில் லீட்ஸுக்கு எதிராக, வலைக்கு முதுகு காட்டி நின்றபடியே எகிறி, தலைக்கு மேலே கால் வீசி அடித்த கோலை ஒருமுறை பாருங்கள்.

பயிற்சியாளர் மொரீனியோவின் காலத்தில் 2005, 2006 என இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் இரண்டு பட்டங்கள் கிடைத்தன. முன்கள ஆட்டக்காரர் ட்ரோக்பா வந்த பிறகும் ஏய்துருக்கு இடம் இருந்தது, ஏனென்றால் நடுக்களத்திலும் அவரை நிறுத்த முடிந்தது.

கேள்வி: பார்சிலோனாவில் பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தார்?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஹென்றிக் லார்சனின் 7ஆம் எண் சட்டையோடு 2006இல் வந்தவர், லீக்கின் முதல் ஆட்டத்திலேயே செல்டா விகோவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வெற்றி கோல் அடித்தார். முன்கள ஆட்டக்காரர் எட்டோ காயமடைந்தபோது நிறையவே ஆடினார். மெஸ்ஸி, எட்டோ, ஆன்ரி என்ற மூவர் அமைந்தபின் இடம் சுருங்கியது. 2009இல் லீக், ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோப்பா தெல் ரேய், ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற அணியில் அவர் இருந்தார். ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் களமிறக்கப்படவில்லை.

கேள்வி: அதன்பிறகு ஏன் இத்தனை கிளப்புகள்? பணத்துக்காகவா?

மொனாக்கோ, டாட்டன்ஹாம், ஸ்டோக், ஃபுல்ஹம், ஏதென்ஸின் ஏஇகே, பெல்ஜியத்தின் செர்க்கிள் ப்ரூக், க்ளப் ப்ரூக், மறுபடி போல்ட்டன், சீனாவின் ஷிஜியாஜுவாங், நார்வேயின் மோல்டே என்று பட்டியல் நீள்வது உண்மைதான். ஏஇகேயில் ஒலிம்பியாக்கோஸுக்கு எதிரான ஆட்டத்தில் கால் உடைந்தது. பணம்தான் குறி என்றால், 33 வயதில் உடைந்த காலோடு எழுந்து செர்க்கிள் ப்ரூக் போன்ற சிறிய கிளப்புக்குப் போக வேண்டிய தேவை இருந்திருக்காது. ஆடும் நிமிடங்களைத் தேடிப் போனார் என்றே நான் கருதுகிறேன். பெல்ஜியம் அவருக்கு அந்நிய மண்ணும் அல்ல. தந்தை லோகரனிலும் ஆண்டர்லெக்ட்டிலும் ஆடியவர். ஐரோப்பிய கிளப்புகளுக்கான 1984 யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியில் டாட்டன்ஹாமுக்கு எதிராக ஆர்னோர் அடித்த பெனால்டி தடுக்கப்பட்டு ஆண்டர்லெக்ட் தோற்றது. 26 ஆண்டுகள் கழித்து மகன் அதே டாட்டன்ஹாம் சட்டையில் ஆடினார்.

கேள்வி: இந்தியாவுக்கும் வந்தாரா?

2016இல் ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கின் எஃப்சி புனே சிட்டி அவரை ஒப்பந்தம் செய்தது. பருவம் தொடங்கும் முன்பே காயம்பட்டு விலகினார். அவருக்குப் பதிலாக முகமது சிஸ்ஸோகோ வந்தார்.

கேள்வி: ஐஸ்லாந்து அணிக்கு அவர் என்ன செய்தார்? ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியான யூரோ 2016இல் ஓரிரு நிமிடங்கள்தானே ஆடினார்?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். அவர் உச்சத்தில் இருந்தபோது அணி அவருக்கு ஈடாக இல்லை. அணி உச்சத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 37. யூரோ 2004 தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தைவிட ஒரே ஒரு புள்ளி குறைந்து வாய்ப்பு போனது. 2013 நவம்பரில் ஜாக்ரெப்பில் குரோஷியாவிடம் தோற்று உலகக் கோப்பை வாய்ப்பும் போனபோது, இதுவே தன் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று தொலைக்காட்சியில் கண்ணீரோடு சொன்னார். ஆனால் 2015 மார்ச்சில் அஸ்தானாவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, கஜகஸ்தானுக்கு எதிராக முதல் கோலையும் அடித்தார்.

மூன்றே கால் லட்சம் பேர் சொச்சம் வாழும் நாடு யூரோ 2016இல் இங்கிலாந்தை வீழ்த்திக் காலிறுதி வரை போயிற்று. ஹங்கேரி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஏய்துர் அடித்த பந்து மயிரிழையில் விலகிப் போனது. பிரான்ஸுக்கு எதிரான காலிறுதியில் தோல்வி உறுதியான நிலையில் அவர் களமிறங்க, தலைவர் ஆரோன் குன்னார்சன் தன் கையிலிருந்த தலைவர் பட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். அவர் எத்தனை நிமிடம் ஆடினார் என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பட்டையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாட்டுக்காக 88 ஆட்டங்களில் 26 கோல். 2023இல்தான் கில்வி சிகுர்ட்சன் அந்தக் கோல் எண்ணிக்கையைத் தாண்டினார்.

கேள்வி: தந்தையும் மகனும் சேர்ந்து ஆடாத குறை அந்தக் குடும்பத்தில் அப்படியே நின்றுவிட்டதா?

ஏய்துரின் மூன்று மகன்களும் கால்பந்து ஆட்டக்காரர்கள். 2021 அக்டோபரில் ரெய்க்யாவிக்கில் லிச்சென்ஸ்டைனுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், மூத்தவர் ஸ்வேய்ன் ஆரோன் பந்தைக் கொடுக்க, அவருக்கு அடுத்தவர் ஆண்ட்ரி லூக்காஸ் கோல் அடித்தார். அப்போது அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர் ஏய்துர்.