சொந்தக் கால் வசனம்

வணக்கம்.

ஈரோட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் புரமோஷனோடு கோயம்புத்தூருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. "நான் போறதா முடிவு பண்ணிட்டேன்" என்று வீட்டில் சொன்னேன். கணவர் சிரித்துக்கொண்டே, "என்ன, சீரியல் டயலாக்கா?" என்றார். மாமியாரும் சேர்ந்து சிரித்தார். பெண்கள் முன்னேறத்தான் எடுக்கிறோம் என்கிற சீரியல்கள், நான் பேச வேண்டிய வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் கணவர் செய்தது கேலிதான். ஆனால் தன்னை அறியாமல் நல்ல சீரியல் விமர்சனமும் செய்திருக்கிறார். சம்பாதிக்கிற பெண் என்றால் நடுக்கூடத்தில் நின்று அறிக்கை விட வேண்டும் என்று நம் தொடர்கள் பழக்கிவிட்டன. "இனிமே நான் என் சொந்தக் கால்ல நிப்பேன்" என்று ஆரம்பித்தால், சுற்றி நிற்கிற அத்தனை முகத்துக்கும் கேமரா ஒரு சுற்று போய் வரும்.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. சில மாதங்கள் ஒரு தொடருக்கு வசனம் எழுதினேன். கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று துண்டு துண்டாகப் படிப்பார், அவர் திருப்பிச் சொல்வார், பிறகு டப்பிங்கில் வேறொரு பெண்ணின் குரல் ஏறும். இந்த ஏற்பாட்டில் பிரசங்கம் அழகாக ஓடும். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவதும் வார்த்தையைப் பாதியில் விழுங்குவதும் ஓடாது. ஆகவே பிரசங்கம் எழுதினேன். 'சொந்தக் கால்' மட்டும் நாலு தடவையாவது வந்திருக்கும்.

'எதிர்நீச்சல்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் சன் டிவியில் தொடங்கியது. திருச்செல்வம் இயக்கியது. ஆதி குணசேகரன் என்ற ஆணாதிக்கக்காரரின் வீட்டு மருமகள்கள் அவரை எதிர்த்து எழுந்து வருகிற கதை. ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டது எதை? குணசேகரனின் "ஏய், இந்தாம்மா ஏய்!" 2023 செப்டம்பரில் அந்தத் தொடருக்கான டப்பிங்கின்போது மாரடைப்பு வந்து இறந்துபோன நடிகர் மாரிமுத்து, அந்த ஆளுக்கு ஒரு பேச்சைக் கொடுத்திருந்தார். இழுவை, நக்கல், நடுவில் ஒரு பெருமூச்சு. எதிரே நின்ற பெண்களுக்குக் கிடைத்ததெல்லாம் கருத்து. அந்த மருமகள்களில் நந்தினி மட்டும் விதிவிலக்கு. அடுப்படியில் அவள் முணுமுணுக்கிற குத்தலில் இன்னொரு மருமகள் ஜனனியின் எந்த முழக்கத்தையும்விட விடுதலை அதிகம் இருந்தது என்பேன்.

'கோலங்கள்' அபி கட்டுமானத் தொழில் செய்தவள். 2003 முதல் 2009 வரை ஓடிய தொடர். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அவள் பொறுமையும் கண்ணீரும்தான் வருகின்றன. சிமெண்ட் மூட்டை விலை பேசிய ஒரு காட்சிகூட என் ஞாபகத்தில் இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டேதான் பாக்கெட் கட்டுவார். ஒருநாள் போயிருந்தபோது டிவியில் ஒருத்தி சுயமரியாதையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா தலை நிமிராமல் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "உளுந்து ஏறிப்போச்சு. நாளையிலேருந்து பாக்கெட்டுக்கு அஞ்சு ரூபா சேத்துத்தான். ஓட்டல்காரன் கேட்டா நான் பேசிக்கறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க." அவர் "சரி" என்று ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுத்தார். பின்னணி இசை இல்லை.

அந்த மாதிரி ஒரு வரியை நான் எழுதிக் கொடுத்திருந்தால், "இதுல எமோஷன் எங்க சார்?" என்று பேப்பர் திரும்பி வந்திருக்கும். வந்தும் இருக்கிறது.

அதனால் அடுத்த தடவை முடிவைச் சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எடுபடுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று கேட்க வேண்டும். கோயம்புத்தூருக்கு சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போய்வரப் போகிறீர்களா, அங்கேயே வீடு பார்க்கிறீர்களா? புரமோஷனில் சம்பளம் எவ்வளவு ஏறுகிறது? கடிதத்தில் அதையெல்லாம் எழுதவே இல்லையே.